சூரிய விளக்கு: வாங்கு முன் போட வேண்டிய கணக்கு

மண்ணெண்ணெய் விளக்கோடு எப்படி வாழ்வது என்று எமது மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. அதைத் தொடர்ந்த பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. ரோச் லைற்றுக்கும் றேடியோவுக்கும் போடும் பற்றறிகள் தடைப் பட்டியலிலேயே இருந்தன. ஜாம் போத்தல் விளக்கு அந்த நாட்களின் பிள்ளை. வெற்றுப் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் சுருட்டிப் பிடித்த மெல்லிய திரி. இவ்வளவுதான் விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்களும் பலர்.

அந்தச் சாமர்த்தியம் எங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அது தடைக்காலத்துச் சாமர்த்தியம். இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் மிஞ்சியிருக்கும் வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், அவர்களில் இந்தப் பக்கங்களை வாசிக்கும் குடும்பங்களும் இருக்கும். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாமல் உறவினரின் வளவில் கொட்டில் போட்டிருப்பவர்கள், வீதியிலிருந்து உள்ளே தள்ளிக் காட்டோரத்தில் மீளக் குடியமர்ந்தவர்கள், கம்பி வாசல் வரை வந்தும் வயரிங் செய்யக் காசில்லாதவர்கள். வீட்டில் மின்சாரம் இருந்தாலும் விதைப்புக் காலத்தில் வயற்காவல் குடிலில் இரவைக் கழிப்பவர்களையும் இவர்களோடு சேர்க்கலாம்.

இவர்களின் வெளிச்சச் செலவு 2022 இல் ஒரே நாளில் மாறியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வாரம் ஒரு லீற்றர் எரிக்கும் குடும்பம், அந்த விலைப்படி ஆண்டொன்றுக்கு 17,680 ரூபாவைப் புகையாக விட வேண்டும். விலை பின்னரும் ஏறி இறங்கியிருக்கிறது. இன்று நீங்கள் கொடுக்கும் விலையைப் போட்டு உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே பாருங்கள். அந்தத் தொகை தெரியாமல் சூரிய விளக்கு மலிவா விலை கூடவா என்று முடிவு செய்ய முடியாது.

காசுக் கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. தட்டுப்பட்டால் சரியும் குப்பி விளக்கு, ஓலைக் குடிசை, பாயில் படுத்திருக்கும் குழந்தை: இந்த மூன்றும் சேர்ந்து எத்தனை எரிகாயங்களை உண்டாக்கியுள்ளன என்பதைத் தன் கண்ணால் பார்த்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. 1990களின் தொடக்கத்தில் அவர் குட்டையான, பாரமான, திருகி மூடும் உலோக மூடி கொண்ட கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். சரிந்தாலும் உருளாதபடி அதன் இரு பக்கங்கள் தட்டையானவை. இந்த முயற்சிக்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மண்ணெண்ணெய் விளக்கை விடவே முடியாத வீட்டில் அப்படியொரு விளக்காவது இருக்க வேண்டும். வாய் ஒடுங்கிய உயரமான போத்தலில் துவாரமிட்ட மூடியும் திரியும் வைத்து எரிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

ஒடியல் காய்ந்த தகடு

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு வளவில், நாலு தடிகளின் மேல் வைத்த சூரியத் தகடு ஒன்றில் ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. கழுவித் துடைக்க இலகுவாக இருக்கிறது என்றார் அந்த வீட்டு அம்மா. ஒரு நிறுவனம் அந்தத் தகட்டை இலவசமாகக் கொடுத்திருந்தது. மூன்று குமிழ்கள், ஒரு பற்றறி, ஒரு சிறு பெட்டி எல்லாம் சேர்த்து. முதல் சில மாதங்கள் நன்றாக எரிந்தன. பிறகு இரவு எட்டு மணிக்கெல்லாம் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் வந்து விளக்குகள் அணையத் தொடங்கின. மகன் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சிறிய தொலைக்காட்சியையும் சேர்த்து எல்லாவற்றையும் நேரே பற்றறியில் தொடுத்தான். இன்னும் சில மாதங்களில் பற்றறி செத்தது. புதியது வாங்கப் பணமில்லை. கொடுத்தவர்களின் திட்டம் முடிந்து அலுவலகமும் போய்விட்டது.

அந்தப் பையனிலும் நான் பிழை சொல்லமாட்டேன். சிவப்பு வெளிச்சம் எதற்கு வருகிறதென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தகடோ இன்னும் நல்ல நிலையில் இருந்தது. மேலே இருந்த ஒடியலைத் தள்ளிவிட்டு, நான் கொண்டுபோன மீற்றரை வைத்துப் பார்த்தபோது 19 வோல்ற் காட்டியது. நல்ல தகடு 20, 25 ஆண்டுகள் உழைக்கும். அதனோடு தொடுத்த பற்றறி இரண்டு மூன்று ஆண்டுகளில், கவனமில்லாவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் போய்விடும். எனவே சூரிய விளக்கு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது ஒரு தகட்டை அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக மாற்றவேண்டிய பற்றறிகளின் வரிசையை. இது தெரிந்து வாங்கினால் விளக்கு எரியும்.

குளமும் துருசும்

சூரியத் தகடு சிலிக்கன் என்ற பொருளாலான மெல்லிய வில்லைகளின் தொகுதி. மணலில் இருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள் இது. வில்லையில் வெளிச்சம் படும்போது உள்ளே இருக்கும் இலத்திரன்கள் நகரத் தொடங்குகின்றன. அந்த நகர்வே மின்சாரம். 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் நடைமுறைக்கு உதவக்கூடிய முதலாவது சிலிக்கன் வில்லையைச் செய்து காட்டினார்கள். ஒரு வில்லை தருவது அரை வோல்ற் மட்டுமே. ஆகவே 36 வில்லைகளைத் தொடராக இணைத்து, 12 வோல்ற் பற்றறியைச் சார்ஜ் பண்ணப் போதுமான 17, 18 வோல்ற்றைப் பெறுகிறார்கள். பலர் நினைப்பதுபோல வெயிலின் சூட்டால் இது வேலை செய்வதில்லை. வெளிச்சந்தான் வேண்டும், தகடு சூடேறினால் தரும் மின்சாரம் சற்றுக் குறையவே செய்யும்.

மிச்சத்தை விளங்கிக்கொள்ள வேறெங்கும் போகவேண்டாம். எங்கள் குளத்தைப் பாருங்கள். தகட்டில் விழும் வெளிச்சம் மழை. பற்றறி குளம். விளக்குகள் வயல். இடையிலுள்ள சிறு பெட்டியைக் கடைக்காரர் கொன்றோலர் என்பார். அதுதான் வானும் துருசும். குளம் நிரம்பியபின் மேலதிகத் தண்ணீர் வான் பாயாவிட்டால் கட்டு உடையும். பற்றறி நிரம்பிய பின்னும் மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தால் அது கொதித்துக் கெடும். குளத்தை அடிச்சேறு வரை இறைத்தால் அடுத்த போகத்துக்கு மீன்குஞ்சும் மிஞ்சாது. பற்றறியை அடிவரை இறக்கினால் உள்ளேயுள்ள ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு இறுகி, மறுபடி அது முழுதாக நிரம்பாது. சிவப்பு வெளிச்சம் வருவது துருசு மூடப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கு. அந்தப் பையன் செய்தது துருசை உடைத்துக் குளத்தை வற்ற விட்ட வேலை.

எவ்வளவு பெரியது வேண்டும்?

கடைக்குப் போகுமுன் வீட்டிலிருந்தே இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்று எல்.ஈ.டி. குமிழ்கள், ஒவ்வொன்றும் 3 வாற், நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் எரியும் என வைப்போம். 3 × 3 × 4 = 36. கைத்தொலைபேசி சார்ஜ் பண்ண 10 சேர்த்தால் 46. இதன் அலகு வாற் மணி. வயரிலும் பற்றறியிலும் போகும் நட்டத்தைக் கழித்தால் தகடு தரும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குதான் விளக்குக்கு வரும். ஆக தகடு தரவேண்டியது சுமார் 66 வாற் மணி. எமது வறண்ட வலயத்தில் நல்ல நாளில் ஐந்து மணித்தியாலத்துக்குச் சமமான முழு வெயில் கிடைக்கும். மாரியையும் மனதில் வைத்து நான்கு என்றே எடுப்போம். 66 ஐ 4 ஆல் பிரித்தால் 16 வாற்றுக்குச் சற்று மேல். 20 வாற் தகடு போதும்.

பற்றறிக்கு இரண்டு மூடல் நாட்களைக் கணக்கெடுங்கள். 46 இன் இரு மடங்கு 92. ஈய அமிலப் பற்றறியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. எனவே 184 வாற் மணி கொள்ளும் பற்றறி தேவை. 12 வோல்ற்றால் பிரித்தால் 15 அம்பியர் மணி. கடையில் 18 அல்லது 20 என்று கேட்டு வாங்கலாம். இப்போது வரும் லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றறியை எண்பது வீதம் வரை இறக்கலாம். ஆகவே அதில் 10 அம்பியர் மணியே போதும். விலை கூட, ஆனால் நல்லதென்றால் ஈயப் பற்றறியைப்போல் பல மடங்கு காலம் உழைக்கும். கையில் காசிருந்தால் லிதியத்தையே வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு நிபந்தனை: உங்கள் கொன்றோலர் அந்த வகைக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். பழைய ஈயப் பற்றறிப் பெட்டியோடு அதைத் தொடுக்கக்கூடாது.

இதே கணக்கை 1990களில் போட்டிருந்தால் விடை வேறு. அப்போது எல்.ஈ.டி. வெளிச்சம் இல்லை. 8 வாற் ரியூப் லைற் மூன்று எரிய 96 வாற் மணி வேண்டும். தொலைபேசியின் இடத்தில் ஒரு வானொலியை வைத்தால் தகடு 40 வாற் அளவுக்குப் போகும். அந்நாட்களில் தகட்டின் விலையும் தொழிற்சாலையிலேயே வாற் ஒன்றுக்குச் சுமார் ஐந்து அமெரிக்க டொலர். இன்று அது அரை டொலருக்கும் குறைவு. தேவைப்படும் தகட்டின் அளவு பாதியாகியது, விலை பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஏழை வீட்டுக்கு இது எட்டக்கூடிய பொருளானதற்கு இந்த இரண்டும் காரணம்.

மலிவாக வந்ததால் பொய்யும் மலிந்துவிட்டது. ஒரு சதுர அடித் தகடு நல்ல வெயிலில் 15 முதல் 20 வாற் வரைதான் தரமுடியும். புத்தகம் அளவு தகட்டில் 50 வாற் என்று ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கையில் தூக்கும் சிறு சூரிய விளக்கு வாங்குகிறவர்கள் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். திருகாணி போட்டுப் பூட்டியிருந்தால் பற்றறியை மாற்றலாம். பசையால் ஒட்டியிருந்தால் பற்றறியோடு விளக்கும் போகும்.

தெற்கிலும் வங்காளதேசத்திலும் நடந்தது

இலங்கையில் இது புதிய முயற்சியல்ல. 1997 இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய சக்தித் திட்டமும், 2002 முதல் 2011 வரை நடந்த அதன் தொடர்ச்சியும், கம்பி போகாத கிராமங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய விளக்கைக் கொண்டுசென்றன. சர்வோதய இயக்கத்தின் கடனுதவி அமைப்பான சீட்ஸ் முதலிய நிறுவனங்கள் கடன் கொடுத்தன. கம்பனிகள் தகட்டைப் பூட்டிப் பராமரித்தன. விலையின் ஒரு பங்கை மானியம் தாங்கியது. போர் நடந்த பகுதிகளுக்கு இந்தப் பலன் எட்டியது குறைவு. கடன் கொடுக்கிறவர் ஊருக்குள்ளேயே இருந்தும், பழுது பார்க்கிறவர் அழைத்தால் வந்தும் உதவிய இடங்களில் விளக்குகள் எரிந்தன. விற்றவர் திரும்பி வராத இடங்களில் மக்கள் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். எரியாத விளக்குக்கு யார் காசு கட்டுவார்கள்?

இன்னொரு சிக்கல் எவரும் எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்தது. அரசின் மின்கம்பி அந்தக் கிராமங்களை எட்டத் தொடங்கியது. கம்பி வந்ததும் குடும்பங்கள் அதற்கு மாறின. இது நியாயமானதே, கம்பி மின்சாரத்தில் அரைக்கலாம், தண்ணீர் இறைக்கலாம். ஆனால் சூரியத் தகட்டுக்கு எடுத்த கடனில் பாதி இன்னும் மிஞ்சியிருந்தது. கடன் கொடுத்தவர்களுக்கும் நட்டம், வாங்கியவர்களுக்கும் தலையிடி. இதிலிருந்து உங்களுக்குச் சொல்லக்கூடியது: பெரிய தொகுதிக்கு நீண்டகாலக் கடன் எடுக்குமுன், உங்கள் ஊருக்குக் கம்பி எப்போது வரும் என்று பிரதேச செயலகத்திலும் மின்சார அலுவலகத்திலும் விசாரியுங்கள். இணைப்பு எடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் இணைப்பையே எடுங்கள். அப்படியிருந்தும் ஒரு சிறு தகட்டை வைத்திருப்பது வீண்போகாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை.

வங்காளதேசத்தில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. கிராமீன் சக்தி என்ற நிறுவனம் 1996 இல் தொடங்கியது. விலையில் 15 வீதத்தை முதலில் கட்டி, மிகுதியை 36 மாதத் தவணையில் செலுத்தும் முறையே அங்கு அதிகம் பேர் தெரிந்தெடுத்தது. 2003 இல் அரசின் நிதி நிறுவனமான இட்கொல் பல அமைப்புக்களைச் சேர்த்து இதையே நாடு தழுவிய திட்டமாக்கியது. மொத்தம் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கு ஏறியது. பின்னர் அங்கும் கம்பி வந்து சேர்ந்து, 2022 இல் முழு நாட்டுக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய எண்ணிக்கை அல்ல. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கொன்றோலரையும் தொலைபேசிச் சார்ஜரையும் ஊரிலேயே கூட்டிப் பொருத்தவும் திருத்தவும் விட்டார்கள். கணவன் கூலிவேலைக்குத் தூரம் போன நாளிலும், அயல்வீட்டுப் பெண் வந்து பியூசை மாற்றிவிட்டுப் போகலாம்.

இந்தியாவின் கர்நாடகத்தில் 1995 முதல் இயங்கும் செல்கோ என்ற நிறுவனத்தின் நிறுவுநர்களுள் ஒருவரான ஹரிஷ் ஹண்டேக்கு 2011 இல் மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் கவனித்தது ஒரு சின்ன விடயம். தெருவோர வியாபாரிக்கு மாத முடிவில் பெருந்தொகை கட்டுவது கடினம். நாளாந்தம் சிறு தொகை கட்டுவது இலகு. எங்களுக்கு இது மறுபக்கமாகப் பொருந்தும். நெல் செய்கிறவன் கையில் காசு வருவது பெரும்போக அறுவடைக்குப் பின்னர். சிறு தோட்டக்காரருக்கு மிளகாயோ வெங்காயமோ விற்கும்போது. மாதாமாதம் தவணை கேட்கிற கடன் எங்கள் ஆட்களை அடைவு கடைக்கே அனுப்பும். ஆகவே கடன் எடுப்பதானால் அறுவடையோடு கட்டும் தவணையைக் கேளுங்கள். உங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமோ மாதர் சங்கமோ அதைப் புரிந்துகொள்ளும்.

பற்றறிக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அது மூன்று ஆண்டு உழைக்கும் என்றால் அதன் விலையை 36 ஆல் பிரித்து, மாதாமாதம் அந்தத் தொகையைச் சங்கத்தில் போட்டு வையுங்கள். முன்னர் மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசில் ஒரு பங்குதான் அது. பத்து வீடுகள் சேர்ந்து போட்டால், ஒரு வீட்டின் பற்றறி முந்திப் போனாலும் சங்கம் கைகொடுக்கலாம். இலவசமாகத் தகடு கிடைத்த ஊர்களுக்கு இது இன்னும் அவசியம்.

பூட்டும்போதும் பிறகும்

தகட்டைத் தெற்குப் பார்த்து, பத்துப் பதினைந்து பாகை சரித்துப் பூட்டுங்கள். அவ்வளவு சரிவு இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். நிழல்தான் பெரிய எதிரி. வில்லைகள் தொடராக இணைந்திருப்பதால், ஒரே ஒரு வில்லையை மறைத்தாலும் முழுத் தகட்டின் மின்சாரமும் விழுந்துபோகும். காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை பனையோலை நிழலோ தென்னோலை நிழலோ படாத இடத்தை முதல்நாள் நின்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். காக்கை எச்சத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

கிடுகுக் கூரையில் பூட்டுவது சரிவராது. முற்றத்தில் உறுதியான கப்பு ஒன்றை நட்டு அதில் பூட்டலாம். ஆனால் கப்பை வெகுதூரத்தில் நடவேண்டாம். 12 வோல்ற் மின்சாரம் மெல்லிய வயரில் தூரம் போகாது. பத்து மீற்றர் தூரத்துக்கு மணி அடிக்கப் போடும் மெல்லிய வயரை இழுத்தால், பத்தில் ஒரு பங்கு வயரிலேயே போய்விடும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயராவது போடுங்கள். பற்றறிக்குப் பக்கத்தில் பியூஸ் ஒன்று கட்டாயம். அது இல்லாமல் இரு வயர்களும் ஒன்றோடொன்று முட்டினால், சிறு பற்றறியும் கொட்டிலை எரிக்கப் போதுமானது.

ஈயப் பற்றறியை நெருப்பும் குழந்தைகளும் அண்டாத, காற்றோட்டமுள்ள நிழலில் மரப்பலகையின் மேல் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் வாயு தீப்பற்றக்கூடியது. குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குள் எட்டிப்பார்க்க வேண்டாம். மூடி திறக்கும் வகையென்றால் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, கடையில் விற்கும் பற்றறித் தண்ணீரையே விடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் படிவது பற்றறிக்குள்ளும் படியும். அமிலம் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். செத்த பற்றறியை வளவில் உடைக்கவோ கிணற்றடியில் போடவோ கூடாது. அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பழைய பற்றறிக்குக் கடையில் விலை உண்டு. புதியது வாங்கும்போது கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு கிழமை வெயில் காணாமல் போகலாம். அப்போது மூன்று விளக்குகளில் பிள்ளைகள் படிக்கும் விளக்கையும் அடுப்படி விளக்கையும் மட்டும் எரியுங்கள். தொலைபேசியை வேறெங்காவது சார்ஜ் செய்யுங்கள். ஒரு வீட்டில் கண்டேன், எந்த விளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டுமென்று மழைக்காலத்துக்கென மூத்த மகள் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள்.

கடைசியாக, எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: திரும்பவும் எழும்பிப் போகவேண்டி வந்தால்? காணிக்காரர் கேட்டாலும், வெள்ளம் வந்தாலும், வேறு எது வந்தாலும், சூரிய விளக்கு கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியது. வீட்டுக்குப் போட்ட வயரிங்கை அப்படிக் கொண்டுபோக முடியாது. சிமெந்து வைத்துக் கட்டாமல் ஆணியும் நட்டும் போட்டுத் தகட்டைப் பூட்டச் சொல்வது இதனால்தான். கழற்றும்போது முதலில் தகட்டின் வயரைக் கொன்றோலரிலிருந்து எடுங்கள், பிறகு விளக்குகளின் வயர், கடைசியில் பற்றறி. மறுபடி பூட்டும்போது பற்றறி முதல், தகடு கடைசி. சிவப்பு வயர் கூட்டல் குறிக்கு, கறுப்பு கழித்தல் குறிக்கு. மாறிப் போட்டால் கொன்றோலர் அந்த நொடியே போய்விடும். தகட்டின் கண்ணாடிப் பக்கத்தை உள்ளே வைத்துப் பாயால் சுற்றிச் சைக்கிளில் கட்டலாம். 20 வாற் தகடு இரண்டு கிலோ அளவுதான் வரும். ஈயப் பற்றறி பாரமானது. அதை நிமிர்த்தியே கொண்டுபோகவேண்டும், அதன் முனைகள் இரண்டிலும் துணியோ சைக்கிள் ரியூப் துண்டோ சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் கொண்டுபோக முடியாத நிலை வந்தால், பற்றறியை விட்டுவிட்டுத் தகட்டையும் கொன்றோலரையும் குமிழ்களையும் எடுங்கள். பற்றறி போகுமிடத்திலும் வாங்கலாம்.